கொழுந்தைக் கழித்துக்கட்டியவர்

என் வீட்டுக்காரர் போல்ட் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். இருபத்தாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மரை மரையாகப் பார்க்கிறார். மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெட்டிதான். கெஞ்சினாலும் நடக்காது, கொஞ்சினாலும் நடக்காது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘ரிஜெக்ட்’. இந்த மனிதர் என்னை எப்படிப் பாஸ் போட்டார் என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

இவர் கையில் போய் மாட்டியது எங்கள் வீட்டுக் கீரை.

என் வயிற்றில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்ற டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஹீமோகுளோபின் எட்டுகூட இல்லையேம்மா. பத்து வரட்டும், அப்புறம்தான் கத்தி வைப்பேன். மாத்திரை எழுதியிருக்கேன். கீரையும் நிறைய சாப்பிடுங்க.”

மாத்திரை என் பாடு, கீரை அவர் பாடு என்று ஆனது. தையல் மெஷினை நாலு மிதி மிதித்தாலே எனக்கு மூச்சு வாங்கும். அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு.

வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைப்பார். தேறியது, சந்தேகம், கழிவு. பசலையோ, வெந்தயக்கீரையோ, முள்ளங்கி இலையோ, எதுவானாலும் ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் கழிவு. ஓரம் மடங்கியிருந்தால் சந்தேகம்.

“ஏங்க, கீரை ஆயறீங்களா, பரீட்சை பேப்பர் திருத்துறீங்களா? பசி உயிர் போகுது!”

“பொறு. இன்னும் கொஞ்சம்தான்.”

“ஒரு கட்டு வாங்கினா ஒரு கைப்பிடிதான் தேறுது.”

“தேறாதத உனக்குக் குடுக்கச் சொல்றியா?”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

மூன்றாவது வாரம் பட்டாணிக் கொழுந்து வாங்கி வந்தார். பட்டாணிக் கொடியின் நுனியைக் கிள்ளிக் கட்டாகக் கட்டி விற்பது. நுனியில் பச்சை நூல் போலச் சுருள் சுருளாக இருக்கும். அவரும் சரி, நானும் சரி, அதுவரை அதைக் கண்ணால் கண்டதில்லை. போல்ட்டில் சுருள் பிசிறு நின்றால் என்ன செய்வாரோ அதையே செய்தார். சுருண்டிருந்த நுனியெல்லாம் கழிவுக்குப் போனது. கீழே இருந்த தடித்த தண்டு விறைப்பாக, நேராக நின்றதால் தேறிவிட்டது. அதை அரை மணி நேரம் வேறு வேகவைத்தார்.

கயிற்றை மெல்லுகிற மாதிரி இருந்தது. பத்து நாள் மென்றேன். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷர் முன்னால் எப்படித் துப்புவது?

பதினோராம் நாள் நானும் அவரோடு கீரைக்காரியிடம் போனேன்.

“என்னக்கா இது, உன் கொழுந்து இவ்வளவு நாரா இருக்கு?”

“நுனியக் கிள்ளித்தானே சமைக்கிறீங்க?”

“சுருண்டது ஒண்ணுகூட விடல, எல்லாத்தையும் கழிச்சிட்டேன்,” என்றார் இவர், பெருமையாக.

கீரைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ சார்! அந்தச் சுருளுதான் கொழுந்தே! திங்கிறத குப்பையில போட்டுட்டு, குப்பைய அம்மாவுக்குப் போட்டிருக்கீங்களே! பூண்டு தட்டிப் போட்டு எண்ணெயில ரெண்டு பிரட்டு, அவ்வளவுதான், இறக்கிடணும்.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. நான் சும்மா விடுவேனா? வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மூச்சு முட்டி, யாரோ ஒருவருடைய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கீரைப் பையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

அன்றைக்கு இரண்டே பிரட்டு. அடடா, என்ன ருசி! பிஞ்சுப் பட்டாணியின் இனிப்பு அப்படியே இருந்தது. செத்துக் கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது. சட்டியை வழித்துத் தின்றேன்.

ஆறு வாரம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒன்பது புள்ளி எட்டு! போதும்மா. வெள்ளிக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க.”

“பத்துன்னு சொன்னீங்களே டாக்டர்,” என்றார் இவர்.

“பத்துக்குப் பக்கத்துல வந்தாச்சே சார். பயப்பட ஒண்ணும் இல்ல.”

“இல்லைங்க. பத்து வரட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “டாக்டரே போதும்ங்கறாங்க, நடுவுல நீங்க யாரு? நான் என்ன உங்க போல்ட்டா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போல்ட்டுன்னா வேற ஒண்ணு எடுத்துக்கலாம்,” என்றார். “எனக்குப் பயமா இருக்கு டாக்டர்.”

இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. டாக்டரம்மா என்ன செய்யலாம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையே வச்சிடுங்க டாக்டர்,” என்று நான்தான் சொன்னேன்.