இடது பையில் ஓர் அதிரசம்

லைப்சிக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கும் முன் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். சாவி இருக்கிறதா, கைப்பேசி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா. முதல் இரண்டையும் மறந்தால் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை மறந்தால் திரும்பி வர நான் இருப்பேனா என்பதே சந்தேகம். சர்க்கரை நோயாளி ஒருவன் பையில் சர்க்கரையோடு திரிகிறான் என்று கள்ளக்குறிச்சியில் சொன்னால், குடிகாரன் மடியில் குவார்ட்டர் வைத்துக்கொண்டு திரிவதைப் போலத்தான் பார்ப்பார்கள். முதலில் நானும் அப்படித்தான் பார்த்தேன். நோய் தெரிந்த வாரம் இன்சுலின் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். இங்கே அதை அப்போதேக்க என்பார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் மருந்தோடு இரண்டு வெள்ளை வில்லைகளையும் பைக்குள் போட்டார். டிரௌபன்சுக்கர், அதாவது திராட்சைச் சர்க்கரை. வாயில் போட்ட மாத்திரத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். நான் அவற்றை எடுத்து மேசைமேல் வைத்து, எனக்குச் சர்க்கரை நோய் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி பைக்குள் போட்டார். நான் மறுபடி எடுத்து வைத்தேன். வந்தவனைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல, இது உங்களுக்காகத்தான், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தேன்.

அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. சர்க்கரை ஏறிவிடுமோ என்ற பயம். அதை நான் ஊரிலிருந்தே கொண்டுவந்தேன். இறங்கிவிடுமோ என்ற இரண்டாவது பயத்தை இந்த நாடு கற்றுக்கொடுத்தது. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், பிறகு நினைவு போகும், அதற்குப் பிறகும் யாரும் கவனிக்காவிட்டால் ஆளே போய்விடலாம். இதைச் சர்க்கரை நோய் ஆலோசனை மையத்து நர்ஸ் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். இப்போது என் மேல்கையில் காசளவு கருவி ஒன்று ஒட்டியிருக்கிறது. அது ரத்தத்தைப் பார்த்துக் கைப்பேசிக்கு எண் அனுப்பும். இறங்கினால் அலாரம் அடிக்கும். இந்தப் பக்கத்தில் கணக்கும் வேறு. நம்மூர் நூறு இங்கே ஐந்தரை. நம்மூரில் ஐம்பது என்று பதறுவதை இங்கே இரண்டு புள்ளி எட்டு என்பார்கள்.

சாப்பாடு என்றால் இப்போது எனக்குப் பரீட்சை மாதிரி. வீட்டில் சோற்றைத் தராசில் வைத்து நிறுத்துத்தான் தட்டில் போடுகிறேன். தொழிற்சாலை கான்டீனில் இன்றைக்கு உருளைக்கிழங்கு என்று பலகையில் எழுதியிருந்தால் உருளைக்கிழங்குதான் வரும். பன்னிரண்டரை மணி என்றால் பன்னிரண்டரைக்கே வரும். அந்த நம்பிக்கையில் கால் மணி முன்னதாக ஊசி போட்டுக்கொள்வேன். ருசி பார்த்துச் சாப்பிட்ட ஆள் நான். இப்போது எதிரே தட்டு வந்ததும் நாக்குக்கு முன்னால் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கிறது. கூட வேலை செய்பவர்கள் பிறந்தநாள் கேக்கை நீட்டும்போது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பேன். அவர்களும் சரி என்று நகர்ந்துவிடுவார்கள். ஒரு வாய் சாப்பிடு, ஒன்றும் ஆகாது என்று வற்புறுத்த ஆளில்லாதது நிம்மதியாகவும் இருக்கும், ஏக்கமாகவும் இருக்கும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில். மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை, அதுவரைக்கும் கரும்பு. அந்தக் கரும்பு வெட்டிப் போட்டதில்தான் நானும் என் அக்கா செல்வியும் வளர்ந்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரியவந்தபோதே கால் விரல் கறுத்திருந்தது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். நான் அப்போது இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். பார்த்துக்கொண்டது எல்லாம் அக்காதான். அப்பா திருட்டுத்தனமாகத் தின்பவர். அக்கா வெல்லப் பானையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தாள், டீக்குச் சர்க்கரை போடுவதைக் குடும்பத்துக்கே நிறுத்தினாள், தலையணைக்கு அடியில் தேடி மிட்டாயைப் பிடுங்கினாள். கடைசித் தீபாவளிக்கு அப்பா ஒரே ஓர் அதிரசம் கேட்டிருக்கிறார். அவள் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு அவர் இல்லை. கேட்டப்ப குடுக்கலியே என்று அவள் போனில் சொல்லாத மாதம் கிடையாது.

போன லீவில் அப்பாவின் வருஷப் படையலுக்குப் போனேன். வந்த அன்றே அக்கா என் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சர்க்கரை வில்லைகளை எல்லாம் எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். வெளிநாடு போயும் அப்பன் புத்தி போகல பாரு என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். நான் விளக்கினேன். அவளுக்கு ஏறவில்லை. சர்க்கரைக்காரன் உடம்புக்கு எது வந்தாலும் அது சர்க்கரை ஏறியதால்தான் என்பது அவள் கண்ணால் பார்த்த பாடம். மலையிலிருந்து இறங்கி வந்து சந்தையில் விற்பவர்களிடம் சாமை வாங்கி வைத்திருந்தாள். எவ்வளவு தின்றாலும் ஏறாது என்று சத்தியம் செய்தாள். என் எண் ஏறியதைக் காட்டினேன், மிஷின் கோளாறு என்றாள். நான் கடைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன். அப்பாவும் இப்படித்தானே ஒளித்து வைத்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

படையலன்று காலையிலிருந்து அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் அடுப்பில் வெந்தது. கறிக்குழம்பு, வடை, கொழுக்கட்டை. அடுத்த வீட்டிலிருந்து வெல்லம் வாங்கி, இலைக்கு மட்டும் அளவாக ஐந்தாறு அதிரசம். உச்சிவேளைக்கு அக்கா வந்து, எல்லாம் ஆயிடுச்சி, ஊசி போட்டுக்கோ என்றாள். லைப்சிக் பழக்கத்தில் உடனே போட்டுக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. சமையல் ஆனதும் சாப்பாடு வருவது கான்டீனில். எங்கள் வீட்டில் உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரியப்பா வர வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும், செத்தவர் சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் இருப்பவர் கை நனைக்க முடியும். பெரியப்பா போனில் வந்துகினே இருக்கேன், வந்துகினே இருக்கேன் என்றார். அவர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இதோ வந்துவிடுவார் என்று நானும் பிஸ்கட்டைத் தொடாமல் இருந்தேன்.

அப்பா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, புது வேட்டி வைத்து, எல்லாவற்றையும் பரிமாறி, கற்பூரம் காட்டிவிட்டு, வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். அதுவரை யாரும் திறக்கக் கூடாது. நான் வெற்றுடம்போடு ஈர வேட்டியில் நின்றிருந்தேன். என் சட்டை, பிஸ்கட்டோடு, அந்த அறைக் கொடியில் தொங்கியது. கை நடுங்க ஆரம்பித்தது. வேப்பமரத்து நிழலிலும் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. திண்ணையில் வைத்திருந்த கைப்பேசியில் அலாரம் அடித்தது. மாமா, அக்கா வீட்டுக்காரர், அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு புள்ளி ஒம்போதாம். இன்னா கணக்குடா இது?" என்றார். இனிப்பு, ஏதாவது இனிப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது டிரௌபன்சுக்கர். இத்தனை வருஷமாக அங்கே தமிழில் யோசித்து ஜெர்மனில் தடுமாறியவன், சாகப்போகிற நேரத்தில் சொந்த அக்காவிடம் ஜெர்மன் பேசினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஜாஸ்தியாயிடுச்சி, அப்பாவுக்கும் இப்படித்தான் வேர்க்கும் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கையில் பாகற்காய்ச் சாறு, மறு கையில் என் இன்சுலின் பேனா. "இன்னொரு ஊசி போட்டுக்கோடா. கம்மியாயிடும்," என்றாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அந்தப் பேனாவைப் பார்த்துப் பயந்ததுபோல எதைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. அன்பாகத்தான் கொண்டுவந்தாள். அந்த ஊசி உள்ளே போனால் நான் எழுந்திருக்கமாட்டேன், அது அவளுக்குத் தெரியாது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மாமா என் கையைப் பிடித்தார். உதறினேன். கதவைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் விழுந்தேன். கொடி எட்டவில்லை. இலை எட்டியது. அப்பாவின் அதிரசத்தை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

எல்லோரும் கதவருகே வந்து நின்றார்கள். செத்தவர் சாப்பிடும் நேரத்தில், சாத்திய கதவைத் திறந்து, உடம்பெல்லாம் நடுங்க, அவருக்கு வைத்ததை ஒருவன் அள்ளித் தின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "வந்துட்டான்," என்றார் பெரியப்பா. தன் தம்பியை, என் அப்பாவைச் சொன்னார். அக்கா மெல்ல வந்து என் எதிரே மண்டியிட்டாள். பேனா அவள் கையில் இல்லை. இலையிலிருந்து இன்னோர் அதிரசத்தை எடுத்துப் பிட்டு என் வாயருகே கொண்டுவந்தாள்.

"சாப்புடுப்பா. அன்னிக்கு நீ கேட்ட, நான் குடுக்கல. எம்மேல கோவமாப்பா?"

என் தலை ஆடியது. நானாக ஆட்டினேனா, நடுக்கம் ஆட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். கால் மணி கழித்து எனக்கு வாய் திரும்பியது. வீடே என் காலில் விழுந்து எழுந்திருந்தது.

அடுத்த நாட்களில் அக்கா வேறு ஆளாக இருந்தாள். டீக்குச் சர்க்கரை போட்டாள். பாட்டுக் கேட்டாள். எனக்கோ பயம் இரண்டு மடங்காகியிருந்தது. உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷம் கழித்து அவளுக்குக் கிடைத்த மன்னிப்பை நானே பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் அடுத்த முறை அவள் அதே பேனாவோடுதான் வந்து நிற்பாள். கிளம்புவதற்கு முன்தினம், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இறங்கினால் வியர்க்கும் என்றேன். இறங்கினால் இனிப்புதான் மருந்து, ஊசி போட்டால் செத்துப்போவேன் என்றேன். அன்றைக்கு நடந்தது அதுதான் என்றும் சொன்னேன்.

அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. பேனாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கை நின்றது. "நான் போட்டிருந்தா?" என்று கேட்டாள். நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். "சரி. வேர்த்துச்சின்னா இனிமே இனிப்பு குடுக்கறேன். யாருக்கு வேர்த்தாலும் குடுக்கறேன். ஆனா அன்னிக்கு வந்தது அப்பாதான். அத மட்டும் இல்லன்னு சொல்லாத," என்றாள். மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறும்போது இரண்டு பொட்டலங்களைக் கையில் திணித்தாள். ஒன்றில் குளுக்கோஸ், அது எனக்கு. மற்றதில் ஓர் அதிரசம். அது உனக்கில்ல, அப்பா அங்க வந்து கேட்டாருன்னா குடு என்றாள்.

நேற்று காலை டிராம் நிறுத்தத்தில் பனி பெய்துகொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. வலது பையிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள், ஆல்லஸ் குட் என்று கேட்டார். எல்லாம் சரியா என்று அர்த்தம். ஆல்லஸ் குட் என்றேன். அவர் தன் டிராமில் ஏறிப் போய்விட்டார். நடுக்கம் அடங்கும் வரை இடது கையைப் பைக்குள் விட்டு அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிரசம் கல்லாகிவிட்டது, அதன் எண்ணெய் பொட்டலக் காகிதத்தைத் தாண்டிக் கோட்டின் உள்துணியில் ஊறியிருக்கிறது, சலவைக்காரர் போகாது என்றுவிட்டார். எனக்குரியது இல்லை, அதனால் தின்ன முடியவில்லை. எறியவும் முடியவில்லை. கை நடுங்கும் ஒவ்வொரு முறையும் அப்பா இங்கே வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நடுக்கம் நின்றதும், இவ்வளவு தூரம் அவரால் வர முடியாமலே போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.