தூசி இல்லாத அறை

கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர் தாஸ். அவருக்குத் தெரிந்த ஒரே எமன் தூசி. மூத்த மகள் மெர்சிக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் செல்போன் கண்ணாடி துடைக்கும் வேலை கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்க தூசி இருக்குதாம்மா?"

"ஒரு பொட்டுகூட இல்லப்பா. கதவத் தொறக்கவே விடமாட்டாங்க."

"அப்போ அது சொர்க்கம்தான். ரோஸியையும் சேத்துடு."

சேர்த்துவிட்டாள். தங்கை ரோஸி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெக்சேன் என்ற திரவத்தில் துணியை நனைத்துத் துடைப்பார்கள், சட்டென்று காய்ந்துவிடும். காய்ந்தது எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. முதலில் தலையைச் சுற்றவைத்த வாடை பிறகு தெரியாமலே போனது. உடம்பு பழகிவிட்டது என்றார்கள். பழகியது மூக்கு மட்டும்தான்.

ஒரு மாலை நீலசந்திரா பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வந்த மெர்சியைப் பார்த்து தாஸ் சிரித்தார். "இன்னாம்மா, ஒத்தக் கால்ல செருப்பு? புது ஃபேஷனா?"

குனிந்து பார்த்தாள். வலது பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, சில்லு ஏறியதும் தெரியவில்லை.

நரம்பு டாக்டர் நிருபமா காலைவிட வேலையைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். "அந்தத் திரவத்தோட ஆவி நரம்பத் தின்னுது. உடனே நிறுத்துங்க. மெதுவா சரியாகலாம், முழுசா ஆகும்னு சொல்லமாட்டேன். துணி மாஸ்க் இதத் தடுக்காது. ஆவிய மேசையிலயே இழுத்து வெளிய தள்ளுற ஃபேன் வேணும். இல்ல, வேற திரவத்துக்கு மாறணும்."

தூசியை வெளியே நிறுத்திய கதவுதான் ஆவியை உள்ளே பூட்டிவைத்திருந்தது.

சூப்பர்வைசரிடம் சொன்னாள். "ஃபேன் போட்டா டஸ்ட் வரும்மா, பீஸெல்லாம் ரிஜெக்ட். சும்மா பயப்படாத, ரெண்டு மாஸ்க்கா போட்டுக்கோ."

வேலையை விடச் சொன்னதை ரோஸியும் கேட்கவில்லை. இரவு வீட்டில் தரையில் கால் நீட்டி, மடியில் சோற்றுத் தட்டோடு சிரித்தாள். "உன் காலு வீக்குக்கா. என் காலு இரும்பு. ரெண்டு பேரும் நின்னுட்டா அப்பா மருந்துக்கு யாரு?"

மெர்சி துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். தங்கை அப்பா பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவள் கால் கட்டைவிரலில் குத்தினாள். கத்துடீ, என்று மனத்துக்குள் கெஞ்சினாள். திட்டுடீ, என்னை அறைடீ.

ரோஸி அப்பாவிடம் தண்ணீர்ச் செம்பைக் கேட்டாள். விரலில் ரத்தம் பொட்டாக எழுந்தது. தாஸ் அதைப் பார்த்துவிட்டார். நீட்டிய செம்பு அப்படியே நின்றது.

மெர்சி இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.