சாய்தளத்தில் காய்ந்த நெல்

இன்று திருவிடைமருதூரில், மாற்றுத்திறனாளிகளுக்கான எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு பிசியோதெரபிக்காகப் போனேன். ஆட்டோக்காரர் என்னைச் சக்கர நாற்காலியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் முழுக்க நெல். வானம் கறுத்துத் தூறல் ஆரம்பித்துவிட்டது.

நெல்லை வாரிக்கொண்டிருந்த அக்கா, "சித்த பொறுங்க தம்பி, நனைஞ்சா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க" என்றார்.

"நான் நனைஞ்சா பரவால்லையாக்கா? யாரு இங்க கொட்டச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

உள்ளிருந்து நிறுவனத்தின் செயலாளர் சாக்கோடு ஓடிவந்தார். "அவங்கள திட்டாதீங்க சார். நெல்லு என்னோடது."

முதலில் நெல் உள்ளே போனது. பிறகுதான் சொட்டச் சொட்ட நான் போனேன்.

போன மாதம் இதே சாய்தளத்தை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவரும் அந்தச் செயலாளர்தான்.

உங்கள் ஊர்ச் சாய்தளத்தில் என்ன காய்கிறது?