பதினோரு முறை உயிர்த்தெழுந்த டாக்டர்

ஸ்மிலோவிட்சா நகரத்துச் சதுக்கத்தில் ஒரு நீரூற்று உண்டு. ரோமானியர் கட்டியது என்று நகரத்தின் இணையப் பக்கம் சொல்கிறது. அந்த ரோமானியரில் ஒருவர் நெவெனாவின் அப்பா. கூட்டுறவுப் பண்ணைக்காக அவர் அங்கே சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தபோது, ஆறு வயது நெவெனா மதியத்துக்கு ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

வளர்ந்தபின் தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், யார் கல்லறைக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் நகராட்சியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பழைய மேயர் இணையப் பக்கத்தை அவளிடம் ஒப்படைத்தார். எட்டு வருடம் கூலியில்லாமல் பார்த்துக்கொண்டாள். தன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பேக்கரிக்காரனே அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஊர் அது. கோட்டை வரை மூச்சிரைக்க ஏறிவிட்டு, வெறும் கல்தான் கிடக்கிறது என்று ஒற்றை நட்சத்திரம் போட்ட மேதாவிகளுக்கும் அவள்தான் பதில் எழுதினாள்.

பிறகு டிரிஃபோன் மேயரானான். தபால்தலையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று ஐம்பது வயதில் அவளிடம் கேட்டவன். பக்கத்தில் நீரூற்றை ரோமானியர் கட்டியதாக எழுதியது அவன் கைவண்ணம். அவள் அதைத் திருத்தினாள், மறுநாளே கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்கிறவன் சொல்லட்டும், கேட்கிறவனும் இந்த ஊர்க்காரன்தானே என்று விட்டுவிட்டாள்.

மார்ச் மாதம் அவள் கணவர் இறந்தார். டாக்டர் அதனாஸ் கோச்செவ், ஊரின் ஒரே மருத்துவர். கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாளை வீட்டுக் கதவிலும் மருத்துவமனைக் கதவிலும் ஒட்டினாள். ஆனால் நகரத்தின் இணையப் பக்கத்தில் அவர் இன்னும் தினமும் எட்டு முதல் நான்கு வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய கைபேசி எண்ணும் இருந்தது.

பெயரை எடுக்கச் சொல்லி அவள் நகராட்சிக்குப் போனாள். குடியிருக்க ஏற்ற பழைய நகரங்களுக்கு ஒரு பரிசு உண்டாம். அதற்கான நடுவர்கள் செப்டம்பரில் வருகிறார்களாம். மருத்துவர் இல்லாத ஊர் பட்டியலிலேயே ஏறாதாம்.

"போனவரு போயிட்டாரு அக்கா. பேரு இருந்துட்டுப் போவுது, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான் டிரிஃபோன்.

"மருத்துவமனைக் கூரை ஒழுகுதுன்னு அஞ்சு மனு குடுத்தாரு. அப்பல்லாம் அந்தப் பேரு உன் கண்ணுல படல. இப்ப அழிக்க மனசு வரலையாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். மருத்துவமனை மூடப்பட்டுவிட்டது என்று அவள் சொல்வாள். இரண்டு நாளில் நகராட்சியிலிருந்து யாராவது அதைத் திறந்திருப்பதாக மாற்றிவிடுவார்கள். ஏசு ஒரே ஒரு தடவைதான் உயிர்த்தெழுந்தார். டாக்டர் கோச்செவ் ஆகஸ்டு முடிவதற்குள் பதினோரு தடவை எழுந்துவிட்டார்.

அவருடைய கைபேசிக்கு வரும் அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய்க் கைபேசியை அணைத்து வைத்தாள். அன்றைக்கு மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கிழவி மருத்துவமனைப் படியில் நான்கு மணி நேரம் காத்திருந்தாள். அதற்குப்பின் நெவெனா அதை அணைக்கவே இல்லை. தினமும் மூன்று நான்கு பேருக்கு, அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் கென்கோ என்பவன் தன் அம்மாவை டிராக்டரில் உட்கார வைத்து மலையிறங்கி வந்தான். நெவெனா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கைபேசி அடித்தது.

"டாக்டரய்யாவா? இங்க கதவுல நீங்க செத்துட்டதா ஒட்டியிருக்கு. போன்ல பாத்தா நாலு மணி வரைக்கும் இருப்பீங்கன்னு போட்டிருக்கு. எதைங்கய்யா நம்பறது?"

"கதவை நம்புப்பா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இணையத்தில் எழுதியதை எந்த மடையனும் அழிக்கலாம். அஞ்சலித் தாளைக் கிழிக்கிற கை இந்த நாட்டில் கிடையாது. அதை மழைதான் கிழிக்க வேண்டும். இறந்து ஆறாம் மாதம் மறுபடி ஒரு தாள் ஒட்டுவது ஊர் வழக்கம், அந்த நாளும் நெருங்கியிருந்தது.

வழக்கமாகப் போடும் கண்ணீர்க் கவிதையை வேண்டாமென்றாள். கணவரின் படத்துக்குக் கீழே இப்படி அச்சடிக்கச் சொன்னாள்: "டாக்டர் அதனாஸ் கோச்செவ் இல்லாமல் ஆறு மாதம். மருத்துவமனை பூட்டியிருக்கிறது. அடுத்த மருத்துவர் லியூபெனில், முப்பத்தோரு கிலோமீட்டர். பேருந்து செவ்வாய், வெள்ளி, காலை ஏழு பத்து. இவர் எண்ணை அழைக்காதீர்கள், எடுப்பவள் மனைவி." அறுபது பிரதி. பேருந்து நிறுத்தம், பேக்கரி, நீரூற்றின் ரோமானியத் தூண், கடைசியாக நகராட்சிக் கதவு என்று ஊர் முழுக்க ஒட்டினாள்.

நடுவர்கள் வருகிற காலையில் டிரிஃபோன் அந்தக் கதவுக்கு முன் வந்து நின்றான். கை தாள் வரைக்கும் போயிற்று. எதிரே காபிக் கடையில் ஊரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அவன் கூரைக்குச் செய்யாத மரியாதையைக் காகிதத்துக்காவது செய்தானே என்று நெவெனா நினைத்துக்கொண்டாள்.

தலைநகர் சோபியாவிலிருந்து வந்த நடுவர்கள் தாளை நின்று படித்தார்கள். ஓர் அம்மாள் அதைப் படம் பிடித்து வரைபடத்திலேயே ஏற்றிவிட்டாள். மருத்துவமனையைத் தேடினால் முதலில் அதுதான் வந்தது. சாயங்காலத்துக்குள் நகரத்தின் இணையப் பக்கத்திலிருந்து டாக்டரின் பெயர் போயிற்று. நீரூற்று மட்டும் ரோமானியருடையதாகவே இருக்கிறது. இருக்கட்டும், அதை நம்பி யாரும் காய்ச்சலோடு மலையிறங்கப் போவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை நெவெனா வழக்கம்போலக் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். மதியம் வரை அது அடிக்கவில்லை. ஆறு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அவர் சாவு பேருந்து நேரம்போல ஒரு தகவலாகிவிட்டிருந்தது. இப்போது கேட்க யாரும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று தனக்குத்தானே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.