கூப்பிட்டால் மட்டும் ஏறும் படி

அந்தச் சலவை ஆலையில் அவருக்கு மடிப்பு என்று பெயர். மருத்துவமனைகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகள் துவைக்கப்பட்டு, பிழியப்பட்டு, சூடான உருளைகளுக்கு நடுவே ஓடி வெளியே வரும்போது அவற்றை மடித்து அடுக்குவது அவர் வேலை. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை இன்னொருவர். அவர் கை பட்ட விரிப்பில் சுருக்கம் இருக்காது. இதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல வருடம் ஒரே காரியத்தைச் செய்கிற எவருக்கும் இது வந்துவிடும். அத்தனை வருடமும் அவர் வேலையை இழக்காமல் இருந்ததுதான் கவனிக்க வேண்டியது. அதற்கு அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது.

ஆலையின் மூலையில் ஓர் இரும்புப் படிக்கட்டு. அதன் உச்சியில் மேலாளரின் கண்ணாடி அறை. லீவு கேட்கவோ, சம்பளம் கூட்டிக் கேட்கவோ, புகார் சொல்லவோ தானாக அந்தப் படியில் ஏறியவர்கள் கொஞ்ச நாளில் ஆலையில் இல்லாமல் போனார்கள். மேலாளர் கத்துகிறவர் அல்ல. சிரித்த முகம். "என் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு" என்பார்.

"ஆமா, திறந்துதான் இருக்கு. வெளிய போறதுக்கு" என்பாள் மடிப்பின் மனைவி. அவளும் அங்கேதான் கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு அவர் கொடுக்க முடிந்த உலக ஞானமும் இது ஒன்றுதான். "பெரியவங்க ரூம் பக்கம் கூப்பிடாம போகாதே பாப்பா. நம்ம முகம் அவங்களுக்கு ஞாபகத்துலயே இருக்கக் கூடாது. நம்ம வேலை மட்டும் தெரிஞ்சா போதும்." பள்ளிக்கூடத்தில் இந்த ஞானம் நன்றாகவே செல்லுபடியானது. அமைதியான பெண் என்று பெயர் வாங்கினாள். மார்க்கும் வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தபோது, அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"என்ன மடிப்பண்ணே, இனிமே உங்க பொண்ணு கெமிக்கல் போட்டே சுருக்கத்தை எடுத்துடும். உங்களுக்கு வேலை காலி" என்று உருளைக்காரன் சீண்டினான்.

"போகட்டும்டா. அவ பேர் வாங்கினா நான் வீட்டுல உட்கார்ந்து உன் போர்வையை மடிச்சுத் தரேன்" என்றார் மடிப்பு. அன்று அவர் அடுக்கிய விரிப்புகளில் இரண்டு மூன்று கோணலாக இருந்தன.

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்த மகள் சாப்பிடும்போது சொன்னாள்: "எங்க சார் ஒருத்தர் சொன்னார்ப்பா. எந்தக் கஷ்டம்னாலும் நேரா ரூமுக்கு வாங்க, கதவு திறந்துதான் இருக்கும்னு."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மகளும் புரிந்துகொண்டு சிரித்தாள். சந்தோஷமான இரவு அது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் கெட்டது என்று அங்கிருந்த மூவரில் யாருக்கும் தெரிய வழியில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் மடிப்பின் வலது கை உருளையில் மாட்டியது. சிக்கிய விரிப்பை இழுக்கப் போய், விரலிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் இடது கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"ஏய், இது உன் தையல்தானே?" என்றார் மனைவியிடம். "கோணிக்கிட்டுப் போகுது பார். அப்பவே சொன்னேன்."

"வாயை மூடிக்கிட்டுப் படு. கை வெந்தாலும் கண்ணு வேகலை" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. லீவு வேண்டுமென்றால் படி ஏற வேண்டும். புருஷன் படுத்துவிட்ட நேரத்தில் அவள் வேலையும் போனால் கதி என்ன? ஆகவே மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுக்க, கட்டு மாற்றும்போது மறுகையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்று அவளுக்கு ஆய்வகத் தேர்வு. அதில் தேறாதவர்கள் மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது. அந்தத் துறையில் திரும்பப் படிக்கவும் இடம் கிடையாது. இது அவளுக்குத் தெரியும். தேர்வு எழுத முடியாமல் போனவர்கள் காரணத்தைச் சொன்னால் இன்னொரு நாள் கொடுப்பார்கள் என்பது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கலாம் என்பதே தெரியாதவர் எதைக் கேட்பது?

அப்பா வீடு திரும்பியதும், தேர்வுக்குப் போகாததை அவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"போகாதது நம்ம தப்புதான். இப்போ போய் நின்னா, சாக்கு சொல்றோம்னு நினைப்பாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மத்தப் பாடத்தை எல்லாம் ஒழுங்கா எழுது. அவங்களா கூப்பிட்டுக் கேட்டா, அழாம உண்மையைச் சொல்லு."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடலைன்னா விட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

ஆலையில் அதற்கு அதுதான் அர்த்தம். மேலே கூப்பிடாத வரைக்கும் வேலை இருக்கிறது.

மகள் காத்திருந்தாள். முதல் நாள் கதவு திறந்திருக்கும் என்று சொன்னவர்தான் ஆய்வக ஆசிரியர். அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் பார்வையில் படாமல் சுவரை ஒட்டி நடந்தாள். மற்றப் பாடங்களை நன்றாக எழுதினாள். யாரும் கூப்பிடவில்லை. வாரங்கள் போகப் போக அவள் முகம் தெளிந்தது. வீட்டிலும் பேச்சுச் சத்தம் திரும்பி வந்தது.

முடிவு வந்த அன்று அவள் பெயர் அதில் இல்லை. நடைவழியில் நின்றுகொண்டிருந்தவளிடம் பக்கத்து இருக்கைத் தோழி ஓடி வந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பட்டம் பெற்றவர்கள்.

"என்னடி ஆச்சு? நானும்தான் அன்னைக்கு வரலை. காய்ச்சல். அம்மா போன்லயே திட்டினாங்க, 'படுத்துக்கிட்டு அழாதே, எழுந்து நேரா சார்கிட்ட போ'ன்னு. போனேன், அடுத்த வாரமே வேற நாள் கொடுத்தார். நீ போகலையா?"

"என்னைக் கூப்பிடலையே."

தோழி சிரித்துவிட்டாள். கேலி இல்லை. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மடிப்பு தன் வாழ்நாளில் கூப்பிடாமல் போன முதல் அறை அந்த ஆசிரியருடையது. கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மகளோடு வாசலில் நின்றார். கதவு உண்மையாகவே திறந்திருந்தது. மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியின் துணி நடுவில் தேய்ந்து நூல் தெரிந்தது. நிறையப் பேர் வந்து உட்கார்ந்த நாற்காலி. மனைவியிடம் கொடுத்தால் ஒட்டுப் போட்டுவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஆசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். முழுவதையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏங்க, அந்த வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. இப்போ எல்லாம் முடிஞ்சு மேலே போயிடுச்சு. என் கையில இல்லை."

"நீங்க கூப்பிடலையே சார்."

"நாங்க யாரையும் கூப்பிடறதில்லைங்க. அக்கறை இருக்கிறவங்க வருவாங்க. வராதவங்க வேற ஏதோ முடிவு பண்ணிட்டாங்கன்னு விட்டுடுவோம்."

"அக்கறை" என்று மடிப்பு மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்ல. தன்னால் முடிந்த இரண்டு இடங்களுக்கு அப்போதே போன் செய்தார். இரண்டிலும் முடியாது என்றார்கள். அவருடைய அப்பாவும் இதே மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து கற்பித்தவர். திறந்த கதவு என்றால் உள்ளே வரலாம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பஸ்ஸில் வரும்போது மடிப்பு ஜன்னல் பக்கம் திரும்பி, "நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்" என்றார்.

"நீ தெரிஞ்சதைத்தானேப்பா சொன்னே" என்றாள் மகள். அவரைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் அவளும் ஆலைக்கு வந்தாள். கை முழுதாக மடங்காத அப்பாவுக்கு மறுமுனையைப் பிடிக்க வேகமான ஆள் தேவைப்பட்டது. விரிப்பை விரித்து இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவள் முகம் அருகே வந்து விலகும். அவர் விரிப்பை மட்டும் பார்ப்பார்.

ஒரு நாள் உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்த விரிப்பை வாங்கும்போது அவர் பல்லைக் கடிப்பதை அவள் பார்த்துவிட்டாள். புதுத் தோல் சூடு தாங்கவில்லை. அவள் தன் முனையை மேசைமேல் வைத்தாள்.

"எங்கேம்மா?"

"கையுறை கேட்கப் போறேன்."

"வேண்டாம் பாப்பா. சொன்னாக் கேளு. கூப்பிடாம போகாதே."

"அங்கே கேட்காமதானேப்பா எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் படியில் ஏறினாள். தையல் மிஷின் நின்றது. மடிப்பு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி மேலே பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் சிரிப்பதும், தலையாட்டுவதும், அவளை உட்காரச் சொல்வதும் தெரிந்தன.

அவள் இறங்கி வந்தபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது. "நல்ல யோசனைன்னு சொன்னார்ப்பா. படிச்ச பொண்ணுன்னு தெரியுதுன்னார்."

மறுநாள் காலை வாசலிலேயே காவலாளி அவளை நிறுத்தினான். "உன்னை வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்கம்மா. அப்பா மட்டும் போகலாம்."

மடிப்பு அங்கேயே நின்றார். தான் அத்தனை வருடமும் மகளுக்குச் சொன்னது பொய்யில்லை, இந்த இடத்தில் அது உண்மைதான் என்று ஒரு கணம் அவருக்குள் ஏதோ ஆறியது. அடுத்த கணமே, மகளின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு அந்த ஆறுதலை அடைந்ததற்காகத் தன்னை வெறுத்தார்.

"நீ உள்ள போப்பா. லேட் ஆகுது" என்றாள் அவள்.

அவர் உள்ளே போனார். மனைவி மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்து, எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள். முதல் விரிப்பு சூடாக வந்து அவர் கையில் விழுந்தது.