நான் துவைத்துவிட்ட சட்டை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஆறு பத்துக்குப் பெரட்டுக் களம்; வேலைக்கு வந்து பனியில் நின்றவர்களைப் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் குறித்தேன். பத்து நாற்பதுக்கு முதல் கொழுந்து நிறுவை. நான்கு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினேன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாக நான் கிராணி; ஆள் கணக்கும் கொழுந்துக் கணக்கும் எழுதுவது என் வேலை. நான்கு இருபதுக்குத் தம்பி வீட்டின் பின்பக்கம் வந்து நின்றான்.

அவன் மலைமேல் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக் கீழே போகும் லோரி ஓட்டுகிறான். முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு, மலைக்குக் கீழே ஒரு சாலைத் தடுப்பில் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனதாக லோரி முதலாளி போனில் சொன்னார். உடனே அந்த நிலையத்தைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை என்றார்கள். ஆனால் மறுநாள் மத்தியானம் அங்கேயிருந்துதான் அவனை விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் தாண்டினால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே அவன் வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் விட்டது தற்செயல் என்று நான் இன்றும் நம்பவில்லை.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா. பாத்ரூம்ல."

"எந்தப் பக்கமா விழுந்தே?"

"பின்னால."

"அப்ப காது எப்படி கிழிஞ்சுச்சு?"

அவன் காதைக் கையால் மூடிக்கொண்டான். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்துவிட்டார்.

"லாக்கப்புல இருந்து வந்தவன் குளிக்காம வாசப்படி ஏறக்கூடாது தங்கச்சி. துணிய அப்பவே தண்ணில போட்ரு."

எங்கள் லயத்து வீடுகளில் அது வழக்கம். சாவு வீட்டுக்குப் போய்வந்தவருக்கும் லாக்கப்பிலிருந்து வந்தவருக்கும் ஒரே முறைதான். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சட்டையின் காலரிலும் இடது தோளிலும் ரத்தம் காய்ந்திருந்தது. சவுக்காரத் தூளும் பிளீச்சும் போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை கசக்கினேன். கறை முழுதும் போனது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அவன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது முதுகைப் பார்த்தேன். குறுக்காக நான்கு தடிப்புகள், ஒன்றுக்கொன்று இணையாக. வழுக்கி விழுந்தவன் முதுகில் கோடு விழாது.

"ரெண்டு பேரு அடிச்சாங்கக்கா. ரப்பர் ஹோஸ். விழுந்தேன்னுதான் சொல்லணும்னாங்க. யார்கிட்டயும் சொல்லாத லா."

ஐந்து பத்துக்கு ஒரு வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் மண்டபத்தில் ஒருமுறை இலவசச் சட்ட உதவி பற்றிப் பேசிவிட்டுப் போனவர். முதலில் வாந்தி, தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். அடுத்த கேள்வி:

"சட்டை எங்கக்கா?"

"துவைச்சுக் கொடில போட்டுட்டேன்."

அந்தக் கறை சாட்சியாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

"சரி. இனிமே முதுகுல எண்ணெய் தடவாதீங்க, ஒத்தடமும் வேணாம். எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட விடாதீங்க."

மற்றதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் யார், எதால் அடித்தார்கள் என்று சொல்லி எழுத வைக்க வேண்டும். அடித்த நிலையத்துக்கே போக வேண்டியதில்லை. ரிங்லெட் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் கொடுக்கலாம், நகலைக் கேட்டு வாங்க வேண்டும். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவதானால் மூன்று வருடத்துக்குள். பிடிபட்ட உடனேயே வீட்டுக்கும் வக்கீலுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்ததாம். கேட்டதற்குத்தான் காதில் அடி விழுந்தது என்றான் தம்பி.

ஆறு பத்துக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் எங்களுக்கெல்லாம் மனு எழுதித் தருபவர். எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரிந்தவர்.

"தம்பி எப்படி இருக்கான் கிராணியம்மா? வழுக்கி விழுந்துட்டானாமே."

வழுக்கி விழுந்த கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலம்மாவிடம்கூட அடித்ததைத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா காதில் விழுந்திருக்குமோ என்று ஒரு கணம் அவரையும் சந்தேகப்பட்டேன்.

மனு எழுதுபவர் மலாயில் தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். காயம் தன் கவனக்குறைவால் ஏற்பட்டது, புகார் எதுவும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து தம்பியின் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இத அங்கயே மறந்துட்டு வந்துட்டான். ஒரு கையெழுத்து, ஐசி கையில."

"அது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க லா. நல்லதுக்குத்தானே செய்யறேன்."

"வச்சுட்டுப் போங்க. படிச்சுப் பாக்கிறோம்."

"இதுல படிக்க என்ன இருக்கு? நாலு வரி."

"நாலு வரிதானே, நிதானமா படிக்கலாம்."

தம்பியின் கை அதற்குள் பேனாவுக்குப் போயிருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தாளையும் ஐசியையும் எடுத்து மறுபடி பையில் வைத்தார்.

"லோரி ஓட்டற பையன். தினம் அந்த ரோட்டுலதான் இறங்கணும். யோசிச்சுக்குங்க."

கார் போன பிறகு தம்பி சொன்னான்: "போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லா."

நான் அவனுக்குச் சோறு போட்டு வைத்தேன். நாளைக்கு அந்தச் சாலையில் இறங்கப்போவது அவன், நான் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"லாக்கப்புல இன்னொருத்தன் இருந்தான்க்கா. நான் வரும்போதும் அவன விடல." பிறகு, தட்டைப் பார்த்தபடியே: "காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

புதன்கிழமை நான் பெரட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக அவனைச் சட்டையில்லாமல் பின்கட்டில் நிற்க வைத்து, ஒவ்வொரு தடிப்புக்கும் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஏழு படம் எடுத்தேன். குளிரில் அவன் முதுகு நடுங்கியதால் மூன்றாவது படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.