ஆணி அடிக்காத சுவர்

என் வீட்டு முன்னறையில் தொங்கும் பழைய புகைப்படம் ஒன்றைத் துடைப்பதற்காகச் சென்ற வாரம் கீழே இறக்கினேன். ஆயுத பூஜையன்று எடுத்த படம். ஒரு லாரி, அதன் முகப்பில் சாமந்தி மாலை, பக்கத்தில், கதவின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத முகத்தோடு என் பெரியப்பா. சட்டத்தைத் திருப்பினால் பின்பக்கத்து நான்கு மூலைகளிலும் பஞ்சைத் துணியில் பொதிந்து தைத்த குட்டி மெத்தைகள் ஒட்டியிருக்கும். சட்டம் சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடக் கூடாது என்று என் பெரியம்மா தைத்தவை. பஞ்சு கெட்டியாகித் துணி பழுப்பேறிவிட்டது. ஆனாலும் பிய்த்தெறிய மனம் வரவில்லை. அவற்றைத் தொடும்போதெல்லாம், இப்படியும் ஒரு மனுஷி இருந்தாளா என்று எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க அங்கே வசதியில்லாததால் நாமக்கல்லில் பெரியம்மா வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. பெரியப்பா லாரி டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் போவார். அங்கிருந்து கிடைத்த லோடோடு திரும்புவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனவே அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம், சுவர் விஷயத்தைத் தவிர. சுவரில் கை வைக்கும் உரிமை எங்கள் யாருக்கும் கிடையாது. அது வீட்டு ஓனருக்கு மட்டுமே சொந்தம்.

அந்த ஓனரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரமத்தி ரோட்டை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, யாரையும் நம்பாத கண்கள். மண் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள் அவை. முன்பு குடியிருந்த யாரோ காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கப்போக, தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. விழுந்த அந்தச் சில்லை அவர் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். புதிதாக யார் குடிவந்தாலும் சாவியைக் கொடுக்கும் முன் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுவார். "பாத்துக்குங்க. இது ஒரு ஆணி பண்ணுன வேலை" என்பார். செத்தவர் முகத்தைக் காட்டுவது போலத்தான் காட்டுவார். லாரிக்காரக் குடும்பம் என்றால் வீடு கொடுக்கவே பலர் தயங்கிய காலம். ஆகவே பெரியம்மா அந்தச் சில்லைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, "செவுத்துல ஒரு குண்டூசி படாதுங்கய்யா" என்று வாக்குக் கொடுத்துக் குடிவந்தாள்.

வாக்குக் கொடுத்தவளுக்குப் படம் மாட்டுவதில் கொள்ளை ஆசை. வெறும் சுவரைப் பார்த்தால் சோறு இறங்காது அவளுக்கு. பெரியப்பாவும் போகிற ஊரிலெல்லாம் கண்ணாடி போட்ட படமாக வாங்கிவந்து குவித்தார். அவையெல்லாம் கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்தன. பெரியம்மா சில நாள் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒரு துண்டைப் பெரியப்பாவிடம் கேட்டு வாங்கினாள். வாசல் பக்கத்து உத்தரத்தில் ஒரு முனை. எதிர்ப்பக்கத்துச் சன்னலின் மேல் கம்பியில் மறுமுனை. லோடு கட்டுகிற மாதிரியே பெரியப்பா இழுத்து முடிச்சுப் போட்டார். கயிறு விறைப்பாக நின்றது. பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை வளைத்துக் கொக்கி செய்து, ஒவ்வொரு படமாகக் கயிற்றில் மாட்டினாள். எல்லாவற்றின் முதுகிலும் பஞ்சு மெத்தை. சுவர் தன் பாட்டுக்குச் சுவராக இருந்தது. படங்கள் அதன் முன்னால் காற்றில் நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் பையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. படங்களை அவள் அழகு பார்த்து வரிசைப்படுத்தவில்லை, ரோட்டைப் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தாள். வாசல் ஓரம் நம்மூர் ஆஞ்சநேயர். அடுத்து பெங்களூரில் வாங்கிய சாமுண்டி. தாவணகெரேயின் பூக்கூடை. ஹூப்ளியில் ஏதோ எண்ணெய்க் கடையில் கொடுத்த, கன்றை நக்கும் பசு. பெல்காமின் புலி மேல் ஏறிய அம்மன். கோலாப்பூர் மகாலட்சுமி. பூனாவின் பிள்ளையார். கடைசியாகச் சன்னலோரம் பம்பாய்: கடலும் கப்பலும். இந்த லாரிப் புகைப்படம் மட்டும் எந்த ஊரிலும் நிலையாக நிற்காது. பெரியப்பா கிளம்பிய அன்று அது ஆஞ்சநேயரை விட்டு நகரும். பிறகு அவர் எங்கே போயிருப்பார் என்று கணக்குப் போட்டு, துணி காயப்போடும் கவைக்கோலால் கொக்கியைத் தூக்கி, அடுத்த ஊருக்கு மாற்றுவாள் பெரியம்மா. கணக்கு மட்டுமில்லை, சாட்சியும் உண்டு. வழியில் பெரியப்பாவைப் பார்த்த டிரைவர்கள் எங்கள் முக்கில் வண்டியை மெதுவாக்கி, "அண்ணி, அண்ணன் தும்கூரு தாண்டி வந்துக்கிட்டிருக்காரு!" என்று கத்திவிட்டுப் போவார்கள். பெரியம்மா உடனே உள்ளே ஓடிக் கவைக்கோலை எடுப்பாள். ஆணியில் மாட்டியிருந்தால் இதெல்லாம் நடக்குமா?

ஓனர் மாதம் பிறந்தால் சுவரைச் சோதிக்க வருவார். விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார், வைத்தியர் வயிற்றைத் தட்டுவது போல. கயிறு கட்டிய பிறகு முதல் முறை வந்தபோது, படங்களைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எங்கேயோ ஆணி ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு படமாக ஒதுக்கி ஒதுக்கித் தேடினார். அவர் கை பட்டு லாரிப் படம் வழுக்கிக்கொண்டு போய்க் கப்பலில் இடித்து நின்றது.

"ஏனுங்கய்யா, லோடு எறக்கிப்போட்டுத் திரும்பி வார மனுசன மறுக்கா பம்பாய்க்கே தள்ளீட்டீங்களே!" என்றாள் பெரியம்மா.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மனுஷன் பதறிப்போய், இரண்டு கையாலும் படத்தைப் பிடித்து, "எங்க அம்மிணி நிறுத்தோணும்? பூனாவா?" என்று கேட்டார். அன்றோடு சுவரைத் தட்டுவது குறைந்துபோனது. மாலையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் நின்று, "ஏஞ்சாமி, இன்னைக்கு எங்க இருக்காரு?" என்று என்னைக் கேட்பார். "ஹூப்ளிங்க" என்றால் தலையாட்டிக்கொண்டு போவார். பரமத்தி ரோட்டைத் தாண்டாத அந்த மனிதர் எங்கள் கயிற்றிலேயே பம்பாய் வரை போய்வந்துகொண்டிருந்தார்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஆடியில் பெரியப்பா கிளம்பிப் போனார். வழக்கம் போல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்றார். வழக்கம் போல் பெரியம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்துக்கொண்டு, "பாத்துப் போங்க" என்றாள். பெங்களூர், தாவணகெரே என்று படம் சரியாகத்தான் நகர்ந்தது. வடக்கேயிருந்து திரும்பிய ஒரு டிரைவர், கோலாப்பூரில் டீக்கடையில் பார்த்ததாகவும், அந்தப் பக்கமெல்லாம் பேய் மழை என்றும் சொன்னார். பெரியம்மா படத்தை மகாலட்சுமிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எந்த லாரியும் எங்கள் முக்கில் மெதுவாகவில்லை. தெரிந்த டிரைவர்கள் கூட ஹாரன் அடிக்காமல் போனார்கள். கணக்குப்படி அவர் பம்பாய் போய்ப் பாதி வழி திரும்பியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "பாத்தவங்க சொல்லாம நகத்தக் கூடாது கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓனர் வீட்டில் கல்யாணம் வந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஒறம்பரையாக உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் எல்லா வீடுகளுக்கும் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருந்தார். சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ஆள் வந்து நின்றார். "படத்தையெல்லாம் எறக்கிக் கீழ வைங்கம்மா" என்றார்.

பெரியம்மா கயிற்றுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "மத்ததெல்லாம் எறக்கிக்கலாமுங்க. அவியளை எறக்க மாட்டேன். மனுசன் ரோட்டுல இருக்கறப்போ தரையில வெக்கறதுங்களா?" என்றாள், லாரிப் படத்தைக் காட்டி. தரையில் இறக்கிக் கிடத்துவது யாரை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளையடிப்பவர் மட்டையை வாளிக்குள் போட்டுவிட்டு விலகி நின்றார். சத்தம் கேட்டு ஓனர் வந்தார். கல்யாண வேலைகள் தலைக்கு மேல் கிடக்கிற மனுஷன். கத்தப் போகிறார், காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். மகாலட்சுமியைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வாசல் பக்கத்து முடிச்சைத் தானே அவிழ்த்தார்.

"அம்மிணி, நீ அந்தக் கடைசியப் புடி. எதையும் எறக்க வேண்டாம்."

பெரியம்மா சன்னல் பக்கத்து முனையை அவிழ்த்துப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நடுவில் கவைக்கோல்களை முட்டுக் கொடுத்தார்கள். ஆஞ்சநேயர் முதல் கப்பல் வரை எல்லாப் படங்களும் தொங்கியபடியே சுவரை விட்டு விலகி, அறையின் நடுவுக்கு வந்தன. பின்னால் வெள்ளையடிப்பவர் வேலையைத் தொடங்கினார். அவர் அடித்து முடிக்கும்வரை ஓனர் கையை இறக்கவில்லை. சுண்ணாம்பு அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது; படங்களின் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்து ஒலித்தன. பெரியப்பா மட்டும் கோலாப்பூரை விட்டு அசையவில்லை. நான் எத்தனையோ கோயில் திருவிழா பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது போல ஒன்றைப் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில் லாரி முதலாளி வந்தார். வெள்ளத்தில் ஒரு தரைப்பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓடை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோலாப்பூர் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். உடல் கிடைத்தபோது யாரென்று உடனே தெரியவில்லை; அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கொண்டுவர ஒன்றுமில்லை. பெரியம்மா அழுதாள். அந்த அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை ஓனர் வந்தார். ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் புது ஆணி. போனவர்களின் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு விளக்கேற்றுவதுதானே வழக்கம். காரைச் சில்லைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் அந்த மனிதர், புதிதாக வெள்ளையடித்த தன் சுவரில் தானே ஆணி அடிக்க வந்திருந்தார். "எங்க வேணுமோ சொல்லு அம்மிணி. நான் அடிக்கறேன்" என்றார்.

பெரியம்மா தலையை நிமிர்த்தினாள். "வேண்டாமுங்கய்யா. நடுவழியில நிக்கறாங்க. மொதல்ல ஊடு வந்து சேரட்டும்."

அன்று விளக்கு வைத்த பிறகு எழுந்து கவைக்கோலை எடுத்தாள். கொக்கியைத் தூக்கி, படத்தை மகாலட்சுமியிடமிருந்து புலி மேல் ஏறிய அம்மனுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் கன்றை நக்கும் பசு. அதற்கு மறுநாள் பூக்கூடை. துக்கம் கேட்க வந்த உறவுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று கூட யாரோ கிசுகிசுத்தார்கள். பேதலிக்கவில்லை. யாரும் கொண்டுவராத மனிதரை அவளே கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள், ஊர் ஊராக, அவர் வழக்கமாக வரும் வழியிலேயே. ஓனர் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். "இன்னைக்கு எங்க அம்மிணி?" என்பார். "ஹூப்ளி தாண்டியாச்சுங்க" என்பாள் பெரியம்மா.

சாமுண்டியையும் கடந்து படம் ஆஞ்சநேயருக்குப் பக்கத்தில், வாசல் நிலையை ஒட்டி வந்து நின்ற மாலையில் ஓனர் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து படத்தின் கீழே வைத்தாள். பெரியப்பா ஊர் திரும்பியதும் முதலில் கேட்பது தண்ணீர்தான். அதற்குப் பிறகுதான் மாலை போட்டாள்.

பெரியம்மா இறந்தபின் அந்தப் படமும் கயிறும் என்னிடம் வந்தன. இது என் சொந்த வீடு, சிமெண்டுச் சுவர், எத்தனை ஆணி அடித்தாலும் கேட்பாரில்லை. குடிவந்தபோது துளைபோடும் மெஷினோடு வந்த எலெக்ட்ரீஷியன், "ஒரு ஓட்டை போட்டு மாட்டிரலாமுங்களா?" என்று கேட்டார். "வேண்டாமுங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கட்டினேன். சென்ற வாரம் துடைத்து முடித்து எழுந்தபோதுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் படத்தை மடியிலேயே வைத்திருந்திருக்கிறேன், பக்கத்தில் இத்தனை தரை இருந்தும். கண்ணாடி பளபளத்தது. வாசலோரம் அவர் வந்து சேர்ந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.